எழுத்துகளைத் துணையாகக் கொண்டவர்: லூயிஸ் கரோல்

காலை மணி ஆறரை. சிரம்பானிலிருந்து ரந்தாவ், சிலியாவ், லிங்கி எனத் தெற்கே செல்லும் சாலைகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். தோட்டத்துச் செம்மண் பாதை தார்ச்சாலையில் வந்து சேரும் முனையில் மாணவர்கள் சிலர் பள்ளிப் பேருந்துக்காகக் காத்திருக்கிறார்கள். தாத்தா காலத்தில் இரு பக்கமும் பால்மரங்கள் நின்ற இடம் அது; இப்போது செம்பனை நிற்கிறது. குலைகளை ஏற்றிய லாரி ஒன்று முனையில் திரும்புகிறது. அதன் எண் பலகையில் மூன்று எழுத்துகள்: என், சி, ஆர். நெகிரி செம்பிலானில் பதிவான வாகனங்களுக்குப் பொதுவாக என் என்பதே முதலெழுத்து. இந்த மூன்று எழுத்தும் வரும் ஆங்கிலச் சொல் ஒன்றைச் சொல்லுங்கள் என்று ஒரு மாணவி சவால் விடுகிறாள். யாருக்கும் உடனே தோன்றவில்லை. லாரி கண்ணிலிருந்து மறைந்த பிறகு, அதுவரை வாய் திறக்காத ஒரு பையன் தாங்கள் நிற்கும் இடத்தையே கையால் காட்டுகிறான். கார்னர்!

எண் பலகையைப் பார்த்துச் சொல் தேடுவது பொழுதுபோக்குக்காக எழுந்த விளையாட்டு. இதற்கு யாரும் விதி எழுதித் தந்ததில்லை. ஆனால், இதைவிடச் சற்றுக் கடினமான ஒரு விளையாட்டுக்கு 1881ஆம் ஆண்டில் ஒருவர் விதிகளை எழுதி, இங்கிலாந்தின் மாத இதழ் ஒன்றில் வெளியிட்டார். அவருடைய விதிப்படி, கொடுக்கப்பட்ட எழுத்துகள் அதே வரிசையில், இடையில் வேறெழுத்து புகாமல், சொல்லுக்குள் வர வேண்டும். அவரிடம் கார்னர் செல்லாது. ‘அதிகரித்தல்’ என்று பொருள்படும் இன்கிரீஸ் செல்லும். வீடு கட்டும் காங்கிரீட்டும் செல்லும். இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். மூன்று எழுத்துகளும் தோளோடு தோள் உரசி நிற்பது தெரியும்.

அந்த விளையாட்டின் பெயர் மிஷ்மாஷ். அதை உருவாக்கியவர் லூயிஸ் கரோல். முயல் வளைக்குள் விழுந்து விந்தை உலகத்தைக் கண்ட ஆலிஸ் என்னும் சிறுமியின் கதையை எழுதியவர் என்றால் உலகம் முழுவதும் தெரியும். அவர் கணித ஆசிரியர் என்பதும், அவருடைய இயற்பெயர் சார்ல்ஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன் என்பதும் அந்த அளவுக்குத் தெரியாது. பேசத் தொடங்கினால் சொல் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் மனிதர் அவர் என்பது இன்னும் குறைவாகவே தெரியும்.

சார்ல்ஸ் 1832ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்தில் டேர்ஸ்பரி என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை கிறித்துவச் சமயகுரு. பதினொரு பிள்ளைகளில் சார்ல்ஸ் மூன்றாமவர், ஆண்பிள்ளைகளில் மூத்தவர். குடும்பம் வாழ்ந்த வீடு ஊரிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி வயல்களுக்கு நடுவே இருந்தது. அந்த வழியாக ஒரு வண்டி போனாலே பிள்ளைகளுக்கு அது பெரிய செய்தியாம். தோட்டத்து லயத்தில் வளர்ந்த பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஐஸ்கிரீம்காரரின் மணியோசைக்கும் துணி வியாபாரியின் மோட்டார் சைக்கிளுக்கும் காத்திருந்த நாள்களைச் சொல்வார்கள். விளையாட ஆள் இல்லாத இடத்தில் பிள்ளைகள் கிடைத்ததை வைத்து விளையாடுவார்கள். சார்ல்சுக்குக் கிடைத்தவை நத்தைகளும் தேரைகளும். அவற்றை அவர் நண்பர்களாகவே பழக்கினார்.

1843இல் தந்தைக்கு யார்க்ஷயர் மாவட்டத்துக் கிராஃப்ட் என்னும் ஊரில் வேலை மாற்றம் கிடைத்தது. வீடு பெரிது; தோட்டமும் பெரிது. பதினொரு வயதுச் சார்ல்ஸ் அங்கே தள்ளுவண்டியையும் பீப்பாயையும் கொண்டு ஒரு ரயில் விளையாட்டை அமைத்தார். தம்பி தங்கைகளுக்காக வீட்டுக்குள்ளேயே கையெழுத்து இதழ்கள் நடத்தினார். எழுதுபவரும் அவரே, படம் வரைபவரும் பெரும்பாலும் அவரே. இருபது வயதுக்குப் பிறகு நடத்திய அந்த வகை இதழ் ஒன்றுக்கு மிஷ்மாஷ் என்று பெயரிட்டார். கதம்பம் என்பது அதன் பொருள். ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்துத் தம் சொல் விளையாட்டுக்குப் பெயர் தேடியபோது அதே பெயரைத்தான் எடுத்தார். மனிதர் எதையும் எளிதில் தூக்கி எறிபவர் அல்லர்.

வீட்டில் இப்படி மகிழ்ச்சியாக இருந்த சிறுவனுக்கு வெளியுலகம் வேறாக இருந்தது. சிறுவயதில் வந்த காய்ச்சலால் வலக்காது கேட்கவில்லை. பேச்சில் திக்கல் இருந்தது. அவருடைய உடன்பிறந்தோரில் பலருக்கும் அது இருந்ததால் வீட்டில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பள்ளியில் நிலைமை அப்படி இருக்குமா? 1846இல் அவர் சேர்ந்த ரக்பி பள்ளி, வலிமையானவர்கள் எளியவர்களை ஆட்டிப்படைத்த விடுதிப் பள்ளி. படிப்பில், குறிப்பாகக் கணிதத்தில், பரிசுகள் வாங்கினார். ஆயினும், என்ன கொடுத்தாலும் அந்த மூன்று ஆண்டுகளை மீண்டும் வாழ ஒப்பமாட்டேன் என்ற பொருளில்தான் பின்னாளில் எழுதினார்.

1851 ஜனவரியில் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் கிரைஸ்ட் சர்ச் கல்லூரிக்குக் குடிவந்தார். வந்த இரண்டே நாளில் தாயார் இறந்த செய்தி வந்தது. ஊருக்குப் போய்த் திரும்பினார். 1854இல் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறினார். அடுத்த ஆண்டு அதே கல்லூரியில் கணித விரிவுரையாளர் ஆனார். அதன்பின் இறக்கும்வரை கல்லூரி வளாகமே அவருடைய வீடு. திருமணம் செய்துகொள்ளவில்லை. வெளிநாட்டுக்குச் சென்றது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான், 1867இல் ரஷ்யாவுக்கு.

அவருடைய விரிவுரைகள் மாணவர்களைக் கவரவில்லை. சலிப்பூட்டும் ஆசிரியர் என்றே பலரும் நினைவுகூர்ந்தார்கள். அறிவு குறைவு என்பதால் அல்ல. ஒரு சொல்லைத் தொடங்கும்போது சில மெய்யொலிகள் அவர் நாவைக் கட்டிப்போட்டுவிடும். அடுத்து வரப்போகும் சொல் எது, அதில் ஆபத்தான எழுத்து இருக்கிறதா என்று எப்போதும் முன்கூட்டியே பார்த்துக்கொண்டே பேச வேண்டிய நிலை. ஜேம்ஸ் ஹன்ட் என்ற பேச்சுப் பயிற்சியாளரிடம் சிகிச்சைக்குச் சென்றார். ஓரளவு பலன் கிடைத்தது, முழுமையாகக் குணமாகவில்லை. 1861இல் திருச்சபையின் முதல்நிலைத் திருப்பணியாளராகப் பொறுப்பேற்றார். அடுத்த நிலையான முழுச் சமயகுருவாக அவர் உயரவே இல்லை. அதற்குக் கூறப்படும் காரணங்களில் திக்கலும் ஒன்று. கூடியிருப்பவர்கள் முன் நின்று திருமறையை உரக்க வாசிப்பது அவருக்கு அச்சம் தரும் வேலையாகவே இருந்தது.

வகுப்பில் ஆங்கிலத்தில் வாசிக்க எழுந்து நின்று, முதல் சொல்லிலேயே நாக்கு ஒட்டிக்கொண்ட அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கும். திக்கல் வேறு, பழக்கமின்மையால் வரும் தயக்கம் வேறு. ஆனால், எல்லாரும் காத்திருக்கும் அந்த நொடி இருவருக்கும் ஒன்றுதான்.

தாளின் முன் அமர்ந்துவிட்டால் அவர் வேறு மனிதர். வெளியே எந்த எழுத்துகள் அவரை நிறுத்தினவோ, அதே எழுத்துகளைத் தாளில் வரிசை மாற்றினார், தலைகீழாக்கினார், ஒளித்துவைத்தார். புனைபெயரே இதற்குச் சான்று. 1856இல் ஓர் இதழில் கவிதை எழுதியபோது, அதன் ஆசிரியர் எட்மண்ட் யேட்ஸ் ஒரு புனைபெயர் கேட்டார். டாட்ஜ்சன் நான்கு பெயர்களை அனுப்பினார். அவற்றுள் ஒன்று எட்கர் கத்வெல்லிஸ். சார்ல்ஸ் லட்விட்ஜ் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 15 எழுத்துகள். அவற்றில் ஒன்றைக்கூட விடாமல், ஒன்றைக்கூடச் சேர்க்காமல், இடம் மாற்றி அடுக்கினால் எட்கர் கத்வெல்லிஸ் வரும். இன்னொரு பெயர் வேறு வழியில் பிறந்தது. சார்ல்ஸ் லட்விட்ஜ் என்பதை இலத்தீன் மொழிக்கு மாற்றி, இரு சொற்களையும் முன்பின்னாக்கி, மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அப்படிக் கிடைத்ததே லூயிஸ் கரோல். இதழாசிரியர் அதையே தேர்ந்தெடுத்தார். நல்ல வேளை! எட்கர் கத்வெல்லிஸ் என்ற பெயர் குழந்தைகள் வாயில் நுழைந்திருக்காது.

ஆலிஸ் கதை பிறந்த விவரம் பலரும் அறிந்தது. 1862 ஜூலை 4ஆம் நாள், தம் கல்லூரித் தலைவரின் மூன்று மகள்களோடும் நண்பர் ஒருவரோடும் தேம்ஸ் ஆற்றில் படகு செலுத்திக்கொண்டே அவர் வாய்மொழியாகச் சொன்ன கதை அது. அதை எழுதித் தரும்படி ஆலிஸ் லிடல் கேட்டாள். 1865இல் நூலாக வந்தது. ஓவியர் ஜான் டெனியல் தம் படங்கள் சரியாக அச்சாகவில்லை என்று குறை கூறியதால், அச்சிட்ட முதல் 2,000 படிகளையும் கரோல் திரும்பப் பெற்று மறுபடி அச்சிடச் செய்தார். செலவு அவருடையது. இரண்டாம் ஆலிஸ் நூல் 1871இன் இறுதியில் வெளிவந்தது. அதன் முடிவில் 21 அடிகள் கொண்ட ஒரு கவிதை இருக்கிறது. ஒவ்வோர் அடியின் முதலெழுத்தையும் மேலிருந்து கீழாகப் படித்தால் ஆலிஸ் லிடலின் முழுப்பெயர் வரும். தமிழ் மாணவர்களுக்கு இது புதிதல்ல. முன்னும் பின்னும் ஒன்றுபோலவே படிக்கக்கூடிய மாலைமாற்றுப் பதிகத்தைத் திருஞானசம்பந்தர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே பாடிவிட்டார். விகடகவி என்ற சொல்லைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்.

1877ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சலித்துக்கொண்ட இரண்டு சிறுமிகளுக்காகக் கரோல் ஒரு புதிரை உண்டாக்கினார். பின்னர் அதற்கு டப்லட்ஸ் என்று பெயரிட்டார். எழுத்தெண்ணிக்கை ஒத்த இரண்டு சொற்கள் தரப்படும். ஒரு நேரத்தில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, முதல் சொல்லிலிருந்து இரண்டாம் சொல்லுக்குப் போக வேண்டும். இடையில் வருபவை எல்லாம் உண்மையான சொற்களாக இருக்க வேண்டும். அவர் தந்த எடுத்துக்காட்டில் தலையை வாலாக மாற்ற வேண்டும். ஹெட், ஹீல், டீல், டெல், டால், டெயில். குறிப்பேட்டில் ஆங்கில எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் ஒவ்வோர் அடியிலும் ஓர் எழுத்து மட்டும் மாறுவதைக் காண்பீர்கள். 1879 மார்ச்சு மாதம் வேனிட்டி ஃபேர் என்ற இதழ் இப்புதிரை வெளியிட்டுப் போட்டியும் நடத்தியது. எந்தச் சொல் செல்லும், எது செல்லாது என்று சச்சரவு எழாமலிருக்க, செல்லும் சொற்களின் பட்டியலையே அவர் தொகுத்து அச்சிட்டார்.

இங்கே ஒரு சிறு விலகல். அந்தச் சிறுமிகளுக்குப் புதிர் பிறந்த அதே 1877இல்தான், இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரப் பூங்காவோடு தொடர்புடைய 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பின்னாளில் மலாயா மண்ணில் பரவிய பால்மரங்களின் கதை அங்கே தொடங்குகிறது. அம்மரங்களைத் தேடித் தமிழர்கள் வந்தார்கள். துரை, கிராணி, பெரட்டு, மங்கு எனப் பல மொழிச் சொற்களும் தோட்டத்துத் தமிழில் கலந்தன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பாடமாவதற்கு முன்பே துரையின் குரலாகவும் அலுவலகப் பலகையாகவும் அறிமுகமாகிவிட்டது. அம்மொழியின் எழுத்துகளைச் சோழிபோல உருட்டி விளையாடிய கரோலுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

1880இல், சதுரங்கப் பலகைமேல் எழுத்துகளை நகர்த்திச் சொற்களை உருவாக்கும் விளையாட்டு ஒன்று அமைக்கலாமே என்ற எண்ணத்தை அவர் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இன்று நீங்கள் ஆடும் ஸ்கிராபிள் நினைவுக்கு வருகிறதா? அது தோன்ற இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. அடுத்த ஆண்டு, 1881இல், தி மந்த்லி பேக்கட் இதழில் மிஷ்மாஷ் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் 26 ஆண்டுகளாகப் பார்த்த விரிவுரையாளர் பணியிலிருந்தும் அவர் விலகினார்.

மிஷ்மாஷ் இருவர் ஆடும் ஆட்டம். ஒருவர் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்துகளைச் சொல்வார். அதற்குக் கரோல் இட்ட பெயர் ‘கரு’ என்று பொருள்படும். மற்றவர் அக்கருவைத் தன்னுள் கொண்ட ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். இ, எம், ஓ என்று கரு தரப்பட்டால் எலுமிச்சையைக் குறிக்கும் லெமன் பொருந்தும். ஐ, எம், எஸ், இ என்றால் ஹிம்செல்ஃப். மேக்பை என்ற பறவையின் பெயரில் நடுவே நிற்கும் இரண்டு மெய்யெழுத்துகளும் அவர் தந்த ஒரு கரு. கேட்டவர் மனத்தில் வைத்திருந்த சொல்லையே சொல்ல வேண்டும் என்பதில்லை; விதிக்கு உட்பட்ட எந்தச் சொல்லும் போதும். லெமனுக்குப் பதில் நினைவாற்றலைக் குறிக்கும் மெமரி என்றாலும் சரியே. ஆட்பெயர், ஊர்ப்பெயர் கூடாது. சிரம்பான், பகாவ் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மதிப்பெண் போடுவதற்கு அவர் எழுதிய விதிகள் மட்டும் தேவைக்கு மேல் நீளமானவை. அவற்றை விட்டுவிட்டு ஆடினாலும் ஆட்டம் சுவை குன்றாது.

பார்க்க எளிதாகத் தோன்றும் இந்த விளையாட்டு ஏன் கடினமாக இருக்கிறது? நாம் சொற்களை முதலெழுத்தால் தேடப் பழகியவர்கள். அகராதியும் அப்படியே அடுக்கப்பட்டிருக்கிறது. எம்மில் தொடங்கும் சொற்கள் வேண்டுமென்றால் ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும். நடுவில் மட்டும் இரண்டெழுத்து தெரிந்த சொல்லை அச்சடித்த அகராதியில் தேடுவதென்றால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்ட வேண்டியதுதான். ஆகவே, மனத்துக்குள்தான் தேட வேண்டும். முன்னே ஓர் உயிரெழுத்தைப் பொருத்துகிறோம், பின்னே ஒன்றைப் பொருத்துகிறோம், உதட்டுக்குள் ஒலித்துப் பார்க்கிறோம். திடீரென்று, நமக்குத் தெரியும் என்பதே மறந்துபோன ஒரு சொல் மேலே வருகிறது. என்றோ சவர்க்கார உறையில் படித்ததாக இருக்கலாம். அம்மா ஆலைக் கணக்கில் எழுதியதாக இருக்கலாம். இன்று கணினியில் எழுத்துகளைக் கொடுத்தால் அவை வரும் சொற்கள் அனைத்தும் ஒரு நொடியில் வரிசையாக வந்து நிற்கும். பட்டியல் கிடைக்கும். அந்தத் திடீர் வருகை கிடைக்காது.

சில கருக்கள் சொல்லே இல்லாதவைபோல் ஏமாற்றும். டபிள்யூ, கே, டபிள்யூ என்ற மூன்று எழுத்துகள் எந்தச் சொல்லிலாவது அடுத்தடுத்து வருமா? பலரும் இல்லை என்றே சொல்வார்கள். ஆக்வர்ட் என்ற சொல்லில் வருகிறது. இயல்பாக இல்லாமல் தடுமாறும் நிலையைக் குறிக்கும் சொல் அது. அப்படி ஒரு சொல் இல்லவே இல்லை என்று ஆட்டக்காரர் முடிவு செய்யவும் கரோலின் விதிகள் இடம் தந்தன. ஆனால், அப்படி முடிவு செய்ய உதவும் இலக்கணம் ஆங்கிலத்தில் கைவசம் இல்லை.

தமிழில் அது உண்டு. எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும் என்பதைத் தொல்காப்பியம் மெய்ம்மயக்கம் என்ற பெயரில் வகுத்துச் சொல்கிறது. க், ச், த், ப் ஆகிய நான்கும் ஒரு சொல்லுக்குள் தம்மோடு மட்டுமே சேரும்: பக்கம், பச்சை, பத்து, உப்பு. ர், ழ் இரண்டும் தம்மோடு தாம் சேரா. எனவே, தமிழில் மிஷ்மாஷ் ஆடும்போது க், த் என்று ஒருவர் கரு தந்தால், அப்படிப்பட்ட தமிழ்ச்சொல் இல்லை என்று இலக்கணத்தைக் காட்டியே மறுக்கலாம். பக்தி, சக்தி என்று எதிராளி வாதாடினால், அவை வடமொழி வழி வந்தவை என்று சொல்ல வேண்டியிருக்கும். சண்டை அங்கே முடியுமா என்பதற்கு நான் பொறுப்பல்ல.

கரோல் எளிதில் பழகக்கூடிய மனிதர் அல்லர். பதிப்பாளருக்கும் ஓவியருக்கும் ஓயாமல் திருத்தம் சொல்லி எழுதிக்கொண்டே இருப்பார். 1861 முதல் தாம் அனுப்பிய, பெற்ற கடிதங்களை எல்லாம் ஒரு பதிவேட்டில் எண்ணிட்டுக் குறித்துவந்தார். வாழ்வின் முடிவில் அந்த எண் 98,721ஐ எட்டியிருந்தது. புகழ் வந்த பிறகும் டாட்ஜ்சனும் கரோலும் ஒருவரே என்று பிறர் பேசுவதை விரும்பவில்லை. கல்லூரி முகவரிக்கு லூயிஸ் கரோல் என்ற பெயரில் வந்த கடிதங்களைப் பிற்காலத்தில் வாங்க மறுத்தார். நேரில் பேசத் தயங்கியவர் கடிதத்தில் எவ்வளவு பேசியிருக்கிறார் என்பதற்கு அந்தப் பதிவேடே சாட்சி.

இரவில் அவருக்கு எளிதில் தூக்கம் வருவதில்லை. படுத்தபடியே மனத்துக்குள் கணக்குகளைப் போடுவார். அப்படிப் போட்ட கணக்குகள் 1893இல் தனி நூலாகவும் வந்தன. நடுவில் ஏதேனும் எண்ணம் தோன்றினால் குளிரில் எழுந்து விளக்கேற்றிக் குறிக்க வேண்டும். அது அவருக்குப் பிடிக்கவில்லை. 1891இல் அதற்கும் ஒரு வழி கண்டார். ஓர் அட்டையில் வரிசைக்கு எட்டாக 16 சிறு சதுரங்களை வெட்டினார். புள்ளிகளும் கோடுகளும் கொண்ட புதிய எழுத்துமுறை ஒன்றை அமைத்தார். போர்வையை விலக்காமல், இருட்டிலேயே, விரலால் சதுரத்தைத் தடவிப் பார்த்து எழுத்துகளைப் பொறிக்க முடிந்தது. இதே காலத்தில், பொது எழுத்துத் தொடர்களைக் கொண்டு ஒரு சொல்லை இன்னொரு சொல்லோடு சங்கிலியாகப் பிணைக்கும் மற்றொரு புதிரையும் வெளியிட்டார். அறுபது வயதிலும் எழுத்துகள் அவரை விடவில்லை.

1897ஆம் ஆண்டுக் கிறிஸ்துமசுக்கு, கில்ட்ஃபர்ட் நகரில் தம் சகோதரிகள் வாழ்ந்த வீட்டுக்குச் சென்றார். அங்கே சளிக்காய்ச்சல் வந்து நுரையீரல் அழற்சியாக முற்றியது. 1898 ஜனவரி 14ஆம் நாள், 66ஆம் பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் முன்பு காலமானார். அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் சார்ல்ஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன் என்ற பெயர் இருக்கிறது. அதோடு லூயிஸ் கரோல் என்ற பெயரும் அடைப்புக்குறிக்குள் பொறிக்கப்பட்டிருக்கிறது. வாழ்நாளெல்லாம் அவர் பிரித்தே வைத்திருந்த இருவரும் ஒரே கல்லில் சேர்ந்துவிட்டார்கள். 1982இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் கவிஞர்களுக்கான பகுதியிலும் அவருக்கு ஒரு நினைவுக்கல் பதிக்கப்பட்டது.

தோட்டத்து முனையில் இப்போது மணி ஏழாகப் போகிறது. பேருந்து வளைவில் தெரிகிறது. எண் பலகையில் என், சி, எச். இந்த முறை கரோலின் விதிப்படி, மூன்றும் அடுத்தடுத்து வர வேண்டும் என்கிறாள் அந்த மாணவி. ஒருத்தி தான் உட்கார்ந்திருக்கும் இருக்கையைத் தட்டிக்காட்டி, பெஞ்ச் என்கிறாள். இன்னொருவன் பைக்குள் இருக்கும் உணவுப் பெட்டியைத் தொட்டு, லஞ்ச் என்கிறான். காலையில் வாய் திறக்காமல் இருந்த பையன் மட்டும் இன்னும் தலையை நிமிர்த்தி, சாலையோர மழைமரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பேருந்து வந்து நிற்கிறது. கதவு திறப்பதற்குள் அவனுக்குச் சொல் கிடைத்துவிட்டது.